மூடி திறந்த பெட்டியும் ஒன்றாம் இலக்கச் சீட்டும்

1996 ஓகஸ்ட் 8, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் வானம் கறுத்து மூடியிருந்தது. காலையிலிருந்து அப்படித்தான், ஒரு துளி விழவில்லை. அந்த ஆண்டு மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வானத்தை நம்பிக் குடை கொண்டுபோயிருந்தேன்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து மேசையில் கொட்டச் சொன்னார்கள். ஐந்து சாமான்கள்: சோற்றுப் பெட்டி, குடை, கண்ணாடிக் கூடு, ஒரு கட்டுச் சீட்டுகள், ஒரு கார்ட் மெஷின். முதல் நான்கையும் சிப்பாய் ஒதுக்கிவிட்டான். ஐந்தாவதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு காதருகே வைத்துக் கேட்டான்.

“மொகத மே?”

இது என்ன என்று கேட்கிறான். என் தொழிலே அந்தப் பெட்டி என்ன, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று எழுதுவதுதான். அதைப் பற்றி முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் சிங்களத்தில் இல்லை.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். பெட்டிக்குள் வைத்த இரகசியம் பெட்டிக்குள்ளேயே இருக்குமா என்று பார்ப்பது உங்கள் வேலை. உங்கள் கருவிகள் எங்கள் காலத்தவை அல்ல. அவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது ஒரு வியாழன், ஒரு வெள்ளி, ஒரு சனி. அந்த மூன்று நாட்களுக்குத்தான் இன்றும் என் மனம் திரும்பிப் போகிறது. பயந்த நாட்களை நினைத்து ஒருவன் ஏங்குவானா என்று கேட்பீர்கள். நான் ஏங்குகிறேன்.

எங்கள் பரிசோதனைக் கூடம் மருதானையில், மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது. நாங்கள் நான்கு பேர். வார்னிஷ் மணமும் வானொலிப் பாட்டும் நாள் முழுவதும் கீழேயிருந்து ஏறி வரும். ரயில் போகும்போது மேசையில் கழற்றி வைத்த திருகாணிகள் மெல்ல ஊர்ந்து விளிம்புக்குப் போகும். நான் அவற்றை எண்ணி ஒரு தேநீர்த் தட்டில் போட்டு வைப்பேன். மின்வெட்டு தொடங்கிய மாதமே எங்கள் தலைவர் கடன் வாங்கி ஒரு ஜெனரேற்றரும், அது இயங்கும்வரை தாங்கப் பெரிய பற்றரிகளும் வாங்கினார். மருதானை முழுவதும் இருண்டாலும் எங்கள் மேசைக்கு ஒரு கணம்கூட மின்சாரம் தவறாது. வங்கிக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவோம். அவ்வளவு பெருமை.

அந்தக் கார்ட் மெஷின் ஒரு வங்கிக்காக வந்தது. கடையில் சாமான் வாங்குபவர் அட்டையைச் செலுத்தித் தன் இரகசிய இலக்கத்தை அழுத்துவார். மெஷின் அதை அப்படியே தொலைபேசிக் கம்பியில் அனுப்பாது. தனக்குள் இருக்கும் ஒரு நீண்ட எண்ணைக் கொண்டு உருக்குலைத்து அனுப்பும். அந்த எண்ணைத்தான் நாங்கள் கீ என்போம். ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு கீ. ஒருவன் மூடியைக் கழற்றினால் அந்தக் கணமே கீ அழிந்துவிட வேண்டும். மெஷின் பூட்டிக்கொண்டு இனி வேலை செய்ய மறுக்க வேண்டும். அழிகிறதா, மறுக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பார்த்தேன். மூடியைத் திறந்ததும் திரையில் “திறக்கப்பட்டது” என்று வந்தது. நினைவகத்தைப் படித்தால் கீ இருந்த இடத்தில் பூச்சியங்கள். சரி என்று அடையாளமிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன்.

பிறகு ஒரு மெஷினை வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் ஒரு மாதம் வைத்துப் பரீட்சித்தோம். முதல் நாள் அதில் அட்டையைச் செலுத்தியவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்திருந்தார். அழுத்த முன் என்னைப் பார்த்தார்.

“தம்பி, ரயில்வேயில தந்த என்ர கிராச்சுவிற்றிக் காசு முழுக்க இந்த பாங்கிலதான் கிடக்கு. நான் அடிக்கிற நம்பர் ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நீர் சொல்லுறீரோ?”

“ஓம் ஐயா. ஒருத்தருக்கும் தெரியாது. என்ர கையெழுத்து இருக்கு.”

“கையெழுத்தோ? அப்ப சரி,” என்று அழுத்தினார். ஒரு சோடி வேட்டி வாங்கினார்.

பரீட்சை முடிந்து அந்த மெஷினைத்தான் அன்று மருதானைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை நூற்றிருபது கடைகளில் நூற்றிருபது மெஷின்கள் தொடங்க இருந்தன.

இனிச் சாவடிக்கு வருகிறேன். சிப்பாய் என் அடையாள அட்டைகளைப் பார்த்தான். தேசிய அட்டையில் யாழ்ப்பாணம். கந்தோர் அட்டையில் பாதுகாப்புப் பரிசோதகர் என்று ஆங்கிலத்தில்.

“யாருடைய பாதுகாப்பு?” என்று சிங்களத்தில் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவன் ஒரு திருகாணிச் சாவியை எடுத்து மூடியில் வைத்துவிட்டான்.

“எபா! எபா!” என்று கத்தினேன். வேண்டாம், வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். யுத்த காலம். மூடிய பெட்டி. யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரன் திறக்காதே என்று கத்துகிறான். மெஷினின் கீ அழிந்துவிடும் என்பதே என் பதற்றம். அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் அது வேறாகத்தான் பட்டிருக்கும். ஒரு நொடியில் மேசையைச் சுற்றி ஒருவருமில்லை. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீயே திற!”

மறுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். திறந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். திறந்தேன். நான்கு திருகாணிகள். மூடியைத் தூக்கி, இரண்டு கைகளாலும் பெட்டியை உயர்த்தி, ஒரு பூசகர் தட்டைக் காட்டுவதுபோல அவர்களுக்குக் காட்டினேன். உள்ளே ஒரு பச்சைப் பலகையும் பட்டன் அளவு பற்றரியும். மறுபடி மூடி நான்கு திருகாணிகளையும் முடுக்கினேன். ஒன்று இரண்டு முறை கைநழுவி விழுந்தது.

பிறகு என்னைக் காவல் அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினார்கள். அங்கிருந்த சார்ஜன்ற் களைத்த மனிதர். வங்கியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிச் சுழற்றினார். மறுமுனையில் எடுத்தவள் ரீட்டா.

ரீட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அந்த வங்கியின் கொட்டாஞ்சேனைக் கிளையில் வேலை செய்தாள். தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். மெஷின்களுக்குக் கீ ஏற்றும்போது ஒருவரிடம் முழுவதையும் கொடுப்பதில்லை. பாதி ஒருவரிடம், பாதி மற்றவரிடம். ஒருவர் தன் பாதியை அழுத்தும்போது மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பாதி ரீட்டாவிடம். மறு பாதி களனியிலிருந்து வரும் ஒரு முதிய உத்தியோகத்தரிடம். ஒருநாள் தேடுதல் என்று களனி ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள். அவர் வர முடியவில்லை. அவசரம், அவருடைய பாதியைத் தொலைபேசியில் கேட்டு நீயே அழுத்து என்று முகாமையாளர் சொன்னார். ரீட்டா தன் பாதி இருந்த உறையைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். “பாலம் தொறக்கட்டும் சேர். நான் சாப்பிடப் போறேன்,” என்று எழுந்து போய்விட்டாள். அன்று மூன்றரை மணிவரை முகாமையாளர் கத்தினார். பாலம் திறந்தது. முதியவர் வந்தார். இரண்டு பாதிகளும் ஏறின. கத்தலுக்கும் அவசரத்துக்கும் நடுவே ஒரு விதியை எப்படிக் காப்பாற்றுவது என்று நான் கற்றது அந்த மத்தியானச் சாப்பாட்டில்தான்.

அவள் சார்ஜன்றுடன் சிங்களத்தில் பேசியது அறை முழுவதும் கேட்டது. அந்த ஆளுக்குத் துவக்கைப் பிடிக்க எந்தப் பக்கம் என்று தெரியாது. பஸ்ஸில் மிச்சக் காசை மூன்று தரம் எண்ணுகிற ஆள். அவரை வைத்திருந்தால் உங்கள் காவல் அறையில் எத்தனை ஓடு என்று எண்ணிச் சொல்வார், அதைத் தவிர ஆபத்தில்லை. சார்ஜன்ற் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எத்தனை ஓடு?” என்று கேட்டார்.

“பார்க்கவில்லை, மாத்தயா,” என்றேன். அது பொய். இருபத்திரண்டு வரிசைகள்.

ஆறு மணிக்கு விட்டார்கள். திறந்து மூடிய மெஷினோடு பஸ்ஸில் இன்னும் இரண்டு சாவடிகளைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து மருதானைக்குப் போய், மெஷினைப் பூட்டி வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடை காவல் அறையில் கிடப்பது ஞாபகம் வந்தது. போய்க் கேட்பதா? நீங்களாயிருந்தால் போயிருப்பீர்களா?

வெள்ளிக்கிழமை காலை அந்த மெஷினுக்கு மரணச் சான்றிதழ் எழுதும் நினைப்போடுதான் கூடத்துக்குப் போனேன். மூடி திறந்தது, கீ அழிந்தது, பூட்டிக்கொண்டது என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஒழுங்குக்காக ஒருமுறை மின்சாரத்தில் செருகினேன்.

திரையில் “தயார்” என்று வந்தது.

செத்த பெட்டி எழுந்து உட்கார்ந்து தயார் என்கிறது. எந்த இலக்கத்துக்கும் இணங்கும் பரீட்சை அட்டையைச் செலுத்தி, ஏதோ நான்கு இலக்கம் அழுத்தினேன். தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் வங்கிக் கணினி ஏற்றுக்கொண்டது. சீட்டு ஒன்று கறகறவென்று வெளியே வந்தது. ஏதோ தவறுதலாக மூடி முழுவதும் திறபடவில்லை, கீ அழியவில்லை என்றுகூட நினைத்திருப்பேன். ஆனால் சீட்டுகளை எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. புடவைக் கடையில் கடைசியாக வந்த சீட்டின் இலக்கம் 212. என் கையிலிருந்த சீட்டின் இலக்கம் 1.

அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். கீழே யாரோ மோட்டரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கை போய்விட்டது என்றால் நினைவகம் அழிந்திருக்கிறது. நினைவகம் அழிந்தால் கீயும் அழிந்திருக்கிறது. கீ இல்லாமல் இது எதைக்கொண்டு என் நான்கு இலக்கத்தை உருக்குலைத்து அனுப்பியது?

பதில் ஒன்றுதான் இருக்க முடியும். தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போது எல்லா மெஷின்களிலும் ஒரே கீ இருக்கும். பொருத்துபவர்கள் ஓடவிட்டுப் பார்ப்பதற்காக. அது ஒவ்வொரு பொருத்துநரின் கைப்புத்தகத்திலும் அச்சாகியிருக்கும். மெஷின் தன் சொந்தக் கீயை இழந்ததும் தன்னைப் புதிதாகப் பிறந்த மெஷின் என்று எண்ணி அந்தப் பொதுக் கீயை எடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கிக் கணினியும் பரீட்சைக் காலத்துக்காக அந்தப் பொதுக் கீயை ஏற்க விடப்பட்டிருந்தது. அதை மூட ஒருவரும் நினைக்கவில்லை. ஆகவே கடையில் வேலை செய்யும் ஒருவன் மூடியைத் திறந்து மூடினால் போதும். அதற்குப் பிறகு கம்பியில் போகும் ஒவ்வொரு இரகசிய இலக்கத்தையும் கைப்புத்தகம் வைத்திருப்பவன் படித்துவிடலாம். ஸ்ரேசன் மாஸ்டரின் கிராச்சுவிற்றி என் கண்முன் வந்து நின்றது. என் கையெழுத்தும் வந்து நின்றது.

தலைவரிடம் போனேன். அவர் சிங்களவர்; எங்களுக்குள் ஆங்கிலம்தான். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மேசையில் இதே சோதனையை நீதானே செய்தாய்? பூட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய்.”

“எழுதியிருக்கிறேன்.”

“இப்போது பூட்டவில்லை என்கிறாய். இரண்டில் எது?”

“இரண்டும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “திங்கட்கிழமையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கிறேன். ஆனால் சாவடியில் திறந்த ஒரு மெஷினையும் ஒரு சீட்டையும் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? இன்னொன்றைத் திறந்து காட்டு என்பார்கள்.”

அதையேதான் சொன்னார்கள். மெஷின்களை விற்ற நிறுவனத்தின் பொறியியலாளர் ரூபன் பத்தே நிமிடத்தில் எனக்கு அழைப்பெடுத்தான். வெள்ளவத்தைப் பையன்தான். கடற்கரையில் மாலையில் ஓடும்போது என்னைக் கண்டால் கையசைப்பவன்.

“அண்ணை, என்ன அண்ணை இது? ஆமிக்காரன் நோண்டின மெஷின வச்சுக்கொண்டு நூற்றிருபது கடைய நிப்பாட்டப் பாக்கிறியள்?”

“அவன் நோண்டேல்லை. திறந்தது நான்.”

“அது இன்னும் வில்லங்கம். சரி, நாளைக்குக் கொட்டாஞ்சேனை ஸ்ரோருக்கு வாங்கோ. புதுசு ஒண்டைத் திறவுங்கோ. ஆனா திறந்தா அதைத் திரும்ப வித்துத் தள்ளேலாது. திறக்கச் சொல்லுறவர் விலையைக் கட்டவேணும். பழுது இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி. பாங்கும் எங்கடையாக்களும் ஒத்துக்கொண்ட விதி.”

விலை இருபத்தேழாயிரத்து நானூறு ரூபாய். தலைவரைப் பார்த்தேன். அவர் பின்கட்டிலிருந்த ஜெனரேற்றரைப் பார்த்தார். அதன் கடனே பாதி மிச்சம். “கூடத்தால் முடியாது,” என்றார். பிறகு, “உன்னைப் போக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்,” என்றார். அவரைக் கஞ்சன் என்று அன்று மனதுக்குள் திட்டினேன். இன்று அப்படி நினைக்கவில்லை. கையெழுத்து என்னுடையது, அதன் விலையை நிர்ணயிக்கும் வேலையை அவர் எனக்கே விட்டார்.

சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக் கிளையின் பின்னறை. நூற்றிருபது பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது. ரூபன் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தான். ரீட்டா வங்கியின் சார்பில் சாட்சி. விலையை நானே கட்டுவதாக என் கையெழுத்தை வாங்கும்போது தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தாள்.

“கணக்கண்ணே, ஒங்க சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இதுல போட்டிருக்கிறது எவ்வளவுன்னு பாத்தீங்களா?”

“பாத்தனான்.”

“மூணு தரம் எண்ணிப் பாத்தீங்களா?”

“ரீட்டா, பேனையைத் தாரும்.”

பெட்டி ஒன்றை உடைத்து, மெஷினைச் சுவரில் செருகினோம். அதற்குரிய கீ ஏற்கனவே ஏறியிருந்தது. ஒரு சீட்டு எடுத்தோம், இலக்கம் 1, சரி. நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

“திறக்கப்பட்டது.”

மூடினேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே சொல்தான். அட்டையைச் செலுத்தினேன். திரும்பவும் அதே சொல். மெஷின் பாறை மாதிரிப் பூட்டிக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் பார்த்தது போலவே, என் முப்பத்தெட்டுப் பக்கத்தில் எழுதியது போலவே.

ரூபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெற்றிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. பாவம், அவனுக்கு என்மேல் இரக்கம்தான். “அண்ணை, நான் சொன்னனான்தானே. விடுங்கோ. திங்கட்கிழமை சந்திப்பம்.”

பணம் போய்விட்டது. அதைவிட மோசம், வெள்ளிக்கிழமை நான் கண்ட ஒன்றாம் இலக்கத்தை இனி ஒருவரும் நம்பப்போவதில்லை; சில நாளில் நானே நம்பமாட்டேன். எழுந்து போகத்தான் தோன்றியது. பதற்றம் வந்தால் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. எண்ணுவது. சாவடி மேசையில் என்னென்ன இருந்தன? சோற்றுப் பெட்டி. குடை. கண்ணாடிக் கூடு. சீட்டுக் கட்டு. சிப்பாயின் திருகாணிச் சாவி. ஒரு பழைய தண்ணீர்ப் போத்தல். அவ்வளவுதான். பின்னறையின் மேசையை எண்ணினேன். இங்கே ஒன்று கூடுதலாக இருந்தது. மெஷினிலிருந்து சுவருக்குப் போகும் கறுப்பு வயர்.

சாவடியில் மின்சாரம் இல்லை. கூடத்தில் மின்சாரம் ஒருபோதும் நின்றதில்லை.

“ரூபன், இதைச் சுவரிலயிருந்து கழட்டிப்போட்டுத் திரும்பச் செருகவேணும்,” என்றேன்.

“ஏன் அண்ணை? சோதனை முறையில அப்பிடி ஒரு படி இல்லை. மெஷின் மின்சாரத்தில இருக்கவேணும் எண்டுதான் போட்டிருக்கு. நீங்கள்தான் எழுதினனீங்கள்.”

அவன் சொன்னது உண்மை. நான்தான் எழுதினேன். சோதனை நடுவில் தடைப்படக்கூடாது என்று, ஜெனரேற்றர் வாங்கிய மகிழ்ச்சியில், தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன்.

“எழுதினது பிழை,” என்றேன்.

“அப்ப திங்கட்கிழமை எழுத்தில தாங்கோ, நாங்கள் யோசிச்சு...”

ரீட்டா அதற்குள் எழுந்து சுவரருகே போயிருந்தாள். “என்ன ரூபன் தம்பி, கொட்டாஞ்சேனையில நேத்து மூணு மணிநேரம் கரண்ட் இல்ல. வெட்டுறவன் ஒங்ககிட்ட எழுத்துல கேட்டா வெட்டினான்?” என்றபடி வயரை உருவினாள்.

திரை இருண்டது. அவள் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள், செபமாக இருக்கலாம். பிறகு செருகினாள்.

“தயார்.”

நான் அட்டையைச் செலுத்தினேன். இலக்கத்தை ரூபனையே அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். சீட்டு வந்தது. கிழித்து, பார்க்காமலே அவன் கையில் கொடுத்தேன்.

“எத்தனை?” என்று கேட்டேன்.

அவன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். “ரெண்டு வரவேணும். திரும்பவும் ஒண்டு,” என்றான்.

விஷயம் இவ்வளவுதான். மூடி திறந்ததும் கீயை அழிப்பதற்காக மெஷின் தன் பற்றரியின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் “நான் திறக்கப்பட்டேன்” என்ற அடையாளத்தையும் அதே பற்றரிதான் காத்தது. சுவரில் மின்சாரம் உள்ளவரை மெஷினுக்கு அது ஞாபகமிருக்கும். மின்சாரம் போனால் தன் கீயையும் மறந்து, கீ இழந்ததையும் மறந்து, பச்சைக் குழந்தையாக எழும்பும். மின்சாரம் தவறாத இடத்தில் உட்கார்ந்து, தினமும் மின்சாரம் தவறும் ஊருக்கான மெஷினைச் சோதித்தோம். எங்கள் பெருமைதான் எங்கள் கண்ணை மறைத்தது.

ஆகவே பிள்ளைகளே, பூட்டிக்கொண்டதா என்று பார்த்ததோடு எழுந்துவிடாதீர்கள். பூட்டியதை எதைக்கொண்டு ஞாபகம் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மேசையில் இருப்பதும் கடைக்காரனின் மேசையில் இல்லாததும் எவை என்று எண்ணுங்கள். எண்ணுபவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ரூபனை நான் குறை சொல்லமாட்டேன். அன்று மத்தியானமே தன் மேலதிகாரிகளை அழைத்து, திங்கட்கிழமையை நிறுத்தச் சொன்னவன் அவன்தான். நிறுத்தினார்கள். பழுதைத் திருத்தி, பொதுக் கீயை வங்கிக் கணினியிலும் மூடிவிட்டு, ஒக்டோபரில் தொடங்கினார்கள். நான் என் பழைய அறிக்கையின் குறுக்கே கோடு கீறி, புதிதாக நாற்பத்தொரு பக்கம் எழுதினேன். சாவடிப் பதிவில் என் பெயர் ஏறிவிட்டபடியால் அதன் பிறகு இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் ரீட்டாதான் தொலைபேசியில். அவள் இப்போது கனடாவில். அந்தக் கிளை இருந்த கட்டடமும் இல்லை. மருதானை மேல்மாடியில் யாரோ மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். மோட்டர் வார்னிஷ் மணம் எங்காவது வந்தால் நான் இன்னும் நின்றுவிடுகிறேன்.

தொடங்கிய வாரத்தில் புடவைக் கடைக்குப் போனேன். ஸ்ரேசன் மாஸ்டர் வந்திருந்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப சொல்லும். நான் அடிக்கிற நம்பர் ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“நான் பாத்த அளவில தெரியாது, ஐயா.”

“போனமுறை உப்பிடி இழுக்கேல்லையே நீர்?”

“போனமுறை நான் இவ்வளவு பாக்கேல்லை.”

அவர் இடக்கையால் மறைத்துக்கொண்டு நான்கு இலக்கத்தையும் அழுத்தினார். இந்த முறை பேத்திக்கு ஒரு பாவாடைத் துணி.

மெஷினின் விலையை என் சம்பளத்தில் மாதம் ஆயிரத்து முந்நூற்று எழுபது வீதம் இருபது மாதம் கழித்தார்கள், இருபத்தேழாயிரத்து நானூறு. விதி விதிதான், பழுது என்று நிரூபித்தவனுக்கும் விலக்கில்லை. மருதானைக்கு முச்சக்கர வண்டி நூற்றிருபது. காவல் அறையில் விட்டுவந்த குடை இருநூற்று எண்பத்தைந்து. அதை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட விரிக்கவில்லை. எல்லாமாக இருபத்தேழாயிரத்து எண்ணூற்று ஐந்து ரூபாய்.